லூவர் மாதாவும் யானையின் பல்லும்

பாரிஸ் நகரின் லூவர் அருங்காட்சியகத்தில், ரிஷ்லியூ பகுதியின் முதல் தளத்தில், இடைக்காலக் கலைப்பொருள்களுக்கு நடுவே 41 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு மாதா சிலை இருக்கிறது. இடக்கையில் குழந்தை இயேசுவை ஏந்தி நிற்கிறாள் தாய். சற்றே ஒடுங்கிய கண்கள். உதட்டோரத்தில் அடங்கிய புன்னகை. மேலாடை ஆழமான மடிப்புகளாகப் பாதம்வரை விழுகிறது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் இன்னொன்றும் கண்ணில் படும். அவள் நேராக நிற்கவில்லை. அடிமுதல் முடிவரை உடல் மெல்ல வளைந்திருக்கிறது.

ஐரோப்பா செய்த தந்தச் சிற்பங்களில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கவை மிகச் சிலவே என்பது என் கருத்து. கலை வரலாற்றாசிரியர்கள் பலரும் ஏறக்குறைய அப்படித்தான் சொல்கிறார்கள். அவர்கள் அதிகம் பேசுவது உளியைப் பற்றி. எனக்கு அந்த உளி படுவதற்கு முன் அது என்னவாக இருந்தது என்பதைப் பேச வேண்டும். அது ஒரு யானையின் பல். பல் எப்படி வளர்கிறது என்று தெரிந்துகொண்டால், சிலை ஏன் இந்த அளவில், இந்த வடிவில், இந்த நகரத்தில் பிறந்தது என்ற கேள்விகளுக்குப் பெரும்பகுதி விடை கிடைத்துவிடும்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரான்சின் மன்னர் ஒன்பதாம் லூயி, இயேசுவின் முள்முடி என்று நம்பப்பட்ட புனிதப் பொருளைக் கான்ஸ்டான்டினோபிளின் பேரரசரிடமிருந்து பெற்று 1239இல் பாரிசுக்குக் கொண்டுவந்தார். அதை வைப்பதற்காகத் தம் அரண்மனைக்குள் சேன்த் ஷப்பெல் என்ற தேவாலயத்தைக் கட்டினார். அது 1248இல் அர்ச்சிக்கப்பட்டது. அந்தத் தேவாலயத்தின் கருவூலத்தில்தான் இந்த மாதா சிலை இருந்தது. 1265க்கும் 1279க்கும் இடையே எழுதப்பட்ட பொருள் பட்டியலில் அது இடம்பெற்றிருப்பதால், அதற்கு முன்பே செதுக்கப்பட்டது என்பது உறுதி. பிரெஞ்சுப் புரட்சியின்போது கருவூலங்கள் கலைந்தன. பின்பு ரஷ்ய இளவரசர் சோல்திகாஃபின் சேகரிப்பில் இருந்த சிலையை 1861இல் லூவர் வாங்கியது.

இனிப் பல்லுக்கு வருவோம்.

யானையின் தந்தம் மேல்தாடையின் வெட்டுப்பல். நம் வாயில் முன்வரிசையில் இருக்கும் அதே வகைப் பல்தான். யானைக் கன்றுக்கு முதலில் முளைப்பது விரல் நீளம்கூட இல்லாத பால் தந்தம். ஏறத்தாழ ஒரு வயதில் அது விழுந்து, நிலையான தந்தம் வரும். அதற்குப் பிறகு அது விழுவதுமில்லை, வளர்ச்சி நிற்பதுமில்லை. யானை உயிரோடிருக்கும் வரை வளர்ந்துகொண்டே இருக்கும். மனிதப் பல்லின் தலைப்பகுதியைக் கெட்டியான எனாமல் மூடியிருக்கும். தந்தத்தில் அது தொடக்கத்தில் நுனியில் மட்டும் மெல்லிதாக இருந்து, மண்ணைக் கிளறியும் மரப்பட்டையை உரித்தும் தேய்ந்து போய்விடும். ஆகவே வளர்ந்த தந்தம் முழுவதும் டென்டைன் என்ற உட்பல் பொருளால் ஆனது. அதன்மேல் சிமென்டம் என்ற மெல்லிய மேலுறை மட்டும் இருக்கும். சிற்பி முதலில் சீவி எறிவது அந்த மேலுறையைத்தான்.

மரம் வெளிப்புறமாகப் பருக்கும். தந்தம் உட்புறமாகப் பருக்கிறது. தந்தத்தின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மண்டையோட்டுக்குள் புதைந்திருக்கும். அந்தப் பகுதி உள்ளே குழிவானது, கூம்பு வடிவானது. குழியை நிறைத்திருக்கும் பற்கூழின் மேற்பரப்பில் உள்ள செல்கள் டென்டைனை அடுக்கடுக்காகப் படியவைக்கின்றன. புது அடுக்கு எப்போதும் பழைய அடுக்கின் உட்புறத்தில்தான் சேரும். கடலை மடிக்கும் காகிதக் கூம்புகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக்கொண்டே போனால் நுனி எப்படிக் கனத்துக் கெட்டியாகி, வாய்ப்புறம் திறந்தே இருக்குமோ அப்படி. எனவே தந்தத்தின் நுனிதான் யானையின் இளமை. தாடைக்குள் இருக்கும் குழியின் உட்சுவர்தான் அதன் கடைசி நாள்கள். இரண்டுக்கும் இடையே பல பத்தாண்டுகள் இருக்கலாம்.

சிற்பிக்கு இதனால் என்ன? குழிப் பகுதியில் முழு உருவம் செதுக்க முடியாது. அது சிமிழ், பெட்டி, தகடு போன்றவற்றுக்கு ஆகும். முழுச் சிலைக்கு நுனியை ஒட்டிய கெட்டிப் பகுதி வேண்டும். அங்கேயும் நடுவில் பற்குழியின் மிச்சமாக ஒரு மெல்லிய கால்வாய் ஓடும். சில சிலைகளின் அடியிலோ தலையுச்சியிலோ சிறு கரும்புள்ளியாகத் தெரிவது அதுதான். லூவர் மாதாவின் அகலம் 12.4 சென்டிமீட்டர். உயரம் 41. இந்த அளவுக்குக் கெட்டியான துண்டு கிடைக்க வேண்டுமென்றால் தந்தம் மிகப் பெரியதாக இருந்திருக்க வேண்டும்.

டென்டைனின் வேதியியலும் சிற்பிக்கு உதவுகிறது. எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஹைட்ராக்ஸிஅபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட் கனிமம். மீதியில் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம், கொஞ்சம் நீர். கனிமம் கெட்டியைத் தருகிறது. புரத இழைகள் உடையாமல் நெகிழ்வைத் தருகின்றன. கல்லைத் தட்டினால் சில்லு தெறிக்கும், மரத்தைச் செதுக்கினால் நார் பிரியும். தந்தம் இரண்டும் செய்யாமல் கூரிய இரும்புக்கு மெல்லிய சுருளாகச் சீவிக்கொடுக்கும். கடினத்தன்மை மோஸ் அளவுகோலில் ஏறத்தாழ 2.5தான். ஆனாலும் மயிரிழை அளவுள்ள விரல்நகத்தையும் கண்ணிமையையும் அதில் நிறுத்த முடிகிறது. பற்கூழிலிருந்து வெளிநோக்கி ஓடும் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. தேய்க்கத் தேய்க்கத் தந்தம் பளபளப்பதற்கு அவற்றில் தங்கியிருக்கும் கொழகொழப்பான பொருளும் ஒரு காரணம்.

அந்த நுண்குழாய்களின் நெளிவுதான் யானைத் தந்தத்துக்கு ஓர் அடையாள முத்திரையைத் தந்திருக்கிறது. தந்தத்தைக் குறுக்கே வெட்டினால் வெட்டுமுகத்தில் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் வளைகோடுகள் தெரியும். 1800இல் இவற்றை விவரித்த ஜெர்மானிய உடற்கூறியலாளர் ஷ்ரேகரின் பெயரால் ஷ்ரேகர் கோடுகள் என்கிறார்கள். தந்தத்தின் வெளிவிளிம்பை ஒட்டி அந்தக் கோடுகள் வெட்டிக்கொள்ளும் கோணத்தை அளந்தால், இன்றைய யானைகளில் சராசரி 115 பாகைக்கு மேல் வரும். அழிந்துபோன மாமூத் யானையில் 90க்குக் கீழே இறங்கும். அமெரிக்க வனவிலங்குத் தடயவியல் ஆய்வகத்தின் எட்கர்ட் எஸ்பினோசாவும் மேரி ஜாக் மேனும் இதை அளந்து நிறுவினார்கள். சுங்கச் சோதனையில் ஒருவர் இது சைபீரியப் பனியில் கிடைத்த மாமூத் தந்தம் என்று சொன்னால், ஒரு பூதக்கண்ணாடியும் கோணமானியும் கொண்டே அவர் சொல்வதைச் சோதித்துவிடலாம்.

இப்போது அந்த வளைவுக்கு வருகிறேன். தந்தம் வளைந்தது, ஆகவே மாதாவும் வளைந்தாள் என்று வழிகாட்டிகள் சொல்வது வழக்கம். கேட்க அழகாக இருக்கிறது. பாதிதான் உண்மை. தந்தத்தின் வளைவு ஓர் எல்லையை வகுத்தது என்பதில் ஐயமில்லை. 41 சென்டிமீட்டர் உயரத்துக்கு நேரான சிலை செதுக்க வேண்டுமென்றால் வளைவின் இருபுறமும் நிறையச் சீவி எறிய வேண்டும். சிலை மெலிந்துவிடும். விலையுயர்ந்த பொருள் வீணாகும். வளைவோடு போனால் முழுத் தடிமனும் கிடைக்கும். பைசா நகரப் பேராலயத்துக்காக 1298 அளவில் ஜியோவானி பிசானோ செதுக்கிய 53 சென்டிமீட்டர் தந்த மாதாவும் வளைந்துதான் நிற்கிறாள்.

ஆனால் அதே காலத்தில் பாரிசில் கல்லிலும் மரத்திலும் செய்த மாதாக்களும் ஒருபக்க இடுப்பை உயர்த்திச் சாய்ந்து நிற்கிறார்கள். கல்லுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கையில் குழந்தையைத் தூக்கிய எந்தத் தாயும் எடையை ஒரு காலில் தாங்கித்தான் நிற்பாள். அந்த உண்மையை ஒரு தலைமுறைச் சிற்பிகள் கவனித்திருந்தார்கள். தந்தத்தின் வளைவு பெரும்பாலும் பின்னோக்கியது. இடுப்பின் சாய்வு பக்கவாட்டானது. லூவர் மாதாவைச் செதுக்கியவரின் மேதைமை இரண்டையும் ஒன்றாக்கியதில் இருக்கிறது என்றே நினைக்கிறேன். பல்லின் வளைவைக் குறையாக மறைக்காமல், குழந்தையின் கனத்தால் தாய் வளைகிறாள் என்று நம்மை நம்பவைத்துவிட்டார். அவர் பெயர் எங்கும் பதிவாகவில்லை.

அவரைப் போன்றவர்கள் எப்படி வேலை செய்தார்கள் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. பாரிஸ் நகரின் நிர்வாகி எத்தியேன் புவாலோ 1268 அளவில் அந்நகரத் தொழில்களின் விதிகளைத் தொகுத்தார். தந்தத்தைத் தொடும் கைகள் அதில் பல சங்கங்களாகப் பிரிந்திருக்கின்றன. கத்திப்பிடியும் சீப்பும் செய்பவர்கள் ஒரு வகை, ஜெபமாலை மணி கடைபவர்கள் ஒரு வகை, எழுதுபலகை செய்பவர்கள் ஒரு வகை, உருவம் செதுக்குபவர்கள் ஒரு வகை. உருவச் சிற்பிகள் இறைவனுக்கும் புனிதர்களுக்கும் பணி செய்பவர்கள் என்பதால், நகர இரவுக்காவல் கடமையிலிருந்து அவர்களுக்கு விலக்கு. இன்னொரு விதி என்னை மிகவும் ஈர்த்தது. உருவத்தை ஒரே துண்டில் செதுக்க வேண்டும், மகுடம் மட்டும் தனியாக இருக்கலாம். சிலுவையில் அறையுண்ட இயேசு உருவத்துக்கு மட்டும் மூன்று துண்டுகள் அனுமதி. காரணம் எளிது. விரித்த இரு கைகளையும் உடலோடு சேர்த்து ஒரே பல்லில் எடுக்க முடியாது. ஓர் உடல், இரண்டு கைகள், மொத்தம் மூன்று துண்டு. யானையின் உடற்கூறு பாரிஸ் தொழிற்சட்டத்துக்குள் நுழைந்துவிட்டது.

செதுக்கும் முறையை அதற்கு நூறாண்டுக்கு மேல் முந்திய தியோஃபிலஸ் என்ற துறவி தம் கைத்தொழில் நூலில் விளக்கியிருக்கிறார். பரப்பின் மேல் சுண்ணம் பூசு, ஈயக் கோலால் உருவம் வரை, கூரிய இரும்பால் கோடுகளைக் கீறிக்கொள், பின்பு வெவ்வேறு கருவிகளால் ஆழப்படுத்து என்பது அவர் சொல்லும் வரிசை. கீறலுக்கு முன் வரைவு, வரைவுக்கு முன் பூச்சு. தவறினால் ஒட்டுப்போட வழியில்லாத பொருளில் வேறெப்படிச் செய்ய முடியும்?

பல் எங்கிருந்து வந்தது? இங்கே யானை இனங்களின் வேறுபாடு முக்கியம். நம் காட்டு யானைகளில் ஆண்களுக்குத்தான் நீண்ட கொம்பு. பெண் யானைகளுக்கு வெளியே அதிகம் தெரியாத சிறு தந்தமே. ஆண்களிலும் கொம்பில்லாத மக்னாக்கள் உண்டு. இலங்கையிலோ ஆண்களிலும் பத்தில் ஒன்றுக்குக்கூடக் கொம்பிருப்பதில்லை. ஆப்பிரிக்க சவானா யானைகளில் ஆண், பெண் இரண்டுக்கும் தந்தம் உண்டு. ஆண்களின் தந்தம் மிகப் பெரிதாகவும் வளரும். கோதிக் காலப் பாரிசின் பெரிய சிலைகளின் தடிமனைக் கொண்டு, அவை ஆப்பிரிக்க சவானா யானைகளின் தந்தங்கள் என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள்.

கிழக்கு ஆப்பிரிக்கத் தந்தம் இந்தியப் பெருங்கடலில் நெடுங்காலமாகப் பயணித்த சரக்கு. 10ஆம் நூற்றாண்டில் அரபுப் பயணி அல் மசூதி, சாஞ்சுகளின் நாடு என்று அரபியர்கள் அழைத்த ஆப்பிரிக்கக் கரையிலிருந்து தந்தம் ஓமானுக்கும், அங்கிருந்து இந்தியாவுக்கும் சீனாவுக்கும் போனதை எழுதியிருக்கிறார். இந்தியர்கள் அதைக் குத்துவாள் பிடிகளுக்கும் சதுரங்கக் காய்களுக்கும் பயன்படுத்தினார்கள் என்கிறார். யானைகள் நிறைந்த நாடே ஆப்பிரிக்கத் தந்தத்தை இறக்குமதி செய்ததென்றால் அதன் தரம் புரியும். அதே கடல்வழியின் இன்னொரு கிளை செங்கடல் வழியே எகிப்துக்கும் மத்தியதரைக் கடலுக்கும் போனது.

மத்தியதரைக் கடலிலிருந்து பாரிசுக்கு எப்படி? கலை வரலாற்றாசிரியர் சாரா கெரின் முன்வைக்கும் விளக்கம் எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது. 13ஆம் நூற்றாண்டில் வடபிரான்சும் ஃபிளாண்டர்சும் ஐரோப்பாவின் துணி ஆலைகள். கம்பளிக்குச் சாயமேற்றப் படிகாரம் வேண்டும், டன் கணக்கில். சாயம் நூலோடு ஒட்டுவது படிகாரத்தால்தான். படிகாரமோ மத்தியதரைக் கடற்பக்கத்திலிருந்து வர வேண்டும். அதை ஏற்றிய இத்தாலியக் கப்பல்கள் ஜிப்ரால்டர் நீரிணையைத் தாண்டி வடகடல் நோக்கிப் போகத் தொடங்கின. ஜெனோவா கப்பல்கள் ஃபிளாண்டர்சுக்குச் சென்ற பதிவு 1277இலிருந்து கிடைக்கிறது. கனத்த மலிவுச் சரக்கோடு, இடம் அதிகம் பிடிக்காத விலையுயர்ந்த தந்தங்களும் ஏறின. சாயப்பட்டறைகளின் தேவை இல்லையென்றால் பாரிசின் தந்தச் சிற்பக்கலை இத்தனை பெரிதாக எழுந்திருக்காது என்பது இந்த விளக்கத்தின் சாரம்.

அதற்கு முன் வட ஐரோப்பாவில் பெரிய யானைத் தந்தம் அரிது. 12ஆம் நூற்றாண்டில் அங்கே செதுக்கியவர்கள் வால்ரஸ் என்ற ஆர்க்டிக் கடல் விலங்கின் கோரைப்பல்லை நம்பினார்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் கிளாய்ஸ்டர்ஸ் பிரிவில் உள்ள புகழ்பெற்ற சிலுவை வால்ரஸ் பல் துண்டுகளைப் பொருத்திச் செய்தது. 1831இல் ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் கிடைத்த சதுரங்கக் காய்களில் பெரும்பாலானவையும் வால்ரஸ் பல்தான். அந்தப் பல்லின் நடுப்பகுதி குருணை குருணையாக, பளிங்கு போன்ற திட்டுகளோடு இருக்கும். அதனால் சிலைகள் ஒல்லியாகவும் சிறியவையாகவும் இருந்தன. 2018இல் ஓஸ்லோவைச் சார்ந்த ஆய்வாளர்கள் இடைக்கால வால்ரஸ் மண்டையோட்டுத் துண்டுகளின் டி.என்.ஏ.வைப் பரிசோதித்தார்கள். 12ஆம் நூற்றாண்டுக்குப் பின் மேற்கு ஐரோப்பாவுக்கு வந்தவை ஏறக்குறைய எல்லாமே கிரீன்லாந்தின் மேற்குப்புறத்து விலங்குகள். கிரீன்லாந்தில் குடியேறிய நார்ஸ் மக்களின் வாழ்வே இந்த வணிகத்தைச் சார்ந்திருந்தது. யானைத் தந்தம் பெருகியபின் வால்ரஸ் பல்லின் மதிப்புக் குறைந்தது. அந்தக் குடியிருப்புகள் 15ஆம் நூற்றாண்டில் கைவிடப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணமாக ஆய்வாளர்களால் பேசப்படுகிறது.

இந்தத் தந்தம் எந்த விலங்கினுடையது என்று பாரிஸ்காரர்களுக்குத் தெரிந்திருந்ததா? அரண்மனைக்கு நிச்சயம் தெரியும். அதே ஒன்பதாம் லூயி, சிலுவைப்போரிலிருந்து திரும்பியபின் 1255இல் ஓர் ஆப்பிரிக்க யானையை இங்கிலாந்தின் மூன்றாம் ஹென்றிக்குப் பரிசாக அனுப்பினார். அது லண்டன் கோட்டையில் வைக்கப்பட்டது. மேத்யூ பாரிஸ் என்ற துறவி அதை நேரில் பார்த்துப் படமும் வரைந்தார். குளிரும் உணவும் ஒத்துக்கொள்ளாத அந்த உயிர் 1257இல் இறந்துபோனது. புதைத்த எலும்புகளைப் பின்பு தோண்டியெடுத்து வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தின் பொருள்காப்பாளரிடம் கொடுக்க மன்னர் ஆணையிட்டார். அந்த யானையின் கதையைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

தந்தத்துக்கு இத்தனை மதிப்பு வந்ததில் சமயத்துக்கும் பங்குண்டு. தூய வெண்மை கன்னிமையின் அடையாளமானது. விவிலியத்தின் இனிமைமிகு பாடலில் வரும் தந்தக் கோபுர உவமை மாதாவுக்கு உரியதாகக் கொள்ளப்பட்டது. தமிழ்க் கத்தோலிக்க வீடுகளில் மாதா மன்றாட்டு மாலை சொல்லி வளர்ந்தவர்களுக்கு அந்தப் பட்டம் இன்றும் பழக்கமானது.

ஆனால் வெண்மையைப் பற்றி நம் கண்ணில் ஒரு பெரிய தவறான படம் பதிந்திருக்கிறது. கோதிக் தந்தச் சிலைகள் வெறும் வெள்ளையாக இருந்தவை அல்ல. முகமும் கையும் தந்தத்தின் நிறத்திலேயே விடப்படும். கூந்தல் பொன் பூசப்படும். ஆடையின் ஓரத்தில் பொன் வேலைப்பாடு, உட்புற மடிப்பில் நீலமோ சிவப்போ. கண்ணுக்கும் உதட்டுக்கும் தனி வண்ணம். லூவர் மாதாவின் மேல் பொன்னின் தடயங்கள் இன்னும் இருக்கின்றன. அதே லூவரில் உள்ள, ஏறக்குறைய அதே காலத்து மாதா முடிசூட்டு விழாச் சிற்பக் குழுவில் வண்ணமும் பொன்னும் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன. நூற்றாண்டுகளின் கைபடுதலும் கழுவுதலும் வண்ணங்களைக் கொண்டுபோயின. 19ஆம் நூற்றாண்டு ரசனை மாசற்ற வெள்ளையை விரும்பியதால் மிச்சத்தையும் சிலர் சுரண்டிவிட்டார்கள். அப்படிச் சுத்தம் செய்தவர்கள் அழித்தது அழுக்கை அல்ல, ஓவியத்தை.

அழிந்த வண்ணத்தைக் கண்ணால் பார்க்க முடியாமல் போனாலும் கருவிகள் கண்டுபிடிக்கின்றன. எக்ஸ் கதிரை ஒரு புள்ளியில் பாய்ச்சினால் அங்குள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் திரும்ப ஒளிரும். செம்பு தெரிந்தால் நீலமோ பச்சையோ இருந்திருக்கலாம். பாதரசம் தெரிந்தால் சாதிலிங்கச் சிவப்பு. ஈயம் தெரிந்தால் வெள்ளையோ ஈயச் செந்தூரமோ. மேற்பரப்பைத் தொடக்கூட வேண்டியதில்லை. ஈனா ரைகே குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், 2,800 ஆண்டுப் பழமையான ஃபினீசியத் தந்தத் தகடுகளில் இம்முறையால் செம்பு, ஈயம், தங்கத்தின் தடயங்களைக் கண்டறிந்தார்கள். லூவரின் அடித்தளத்திலேயே அக்லே என்ற துகள்முடுக்கி இருக்கிறது. கலைப்பொருள்களின் தனிமங்களை ஆராய்வதற்கென்றே அமைத்தது.

காலத்தைக் கணிப்பது இதைவிடச் சிக்கல். கதிரியக்கக் கார்பன் முறை தந்தத்தின் கொலாஜனில் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அது சொல்வது அந்த அடுக்கு யானையின் தாடையில் உருவான காலத்தை, உளி பட்ட காலத்தை அல்ல. ஒரே தந்தத்தின் நுனியும் அடியும் பல பத்தாண்டுகள் வேறுபட்ட விடையைத் தரலாம். பழைய தந்தத்தைத் தேடிப்பிடித்துப் புதிதாகச் செதுக்கும் போலிக்காரரை இந்தச் சோதனையால் மட்டும் பிடிக்க முடியாது. 19ஆம் நூற்றாண்டில் கோதிக் மோகம் எழுந்தபோது அப்படிப் பல போலிகள் சந்தைக்கு வந்தன. அங்கே கருவியைவிட ஆடை மடிப்பையும் முகத்தின் அமைப்பையும் ஆயிரம் சிலைகளோடு ஒப்பிட்டுப் பழகிய கண்தான் உதவும். லண்டன் கோர்டால்ட் நிறுவனம் 5,000க்கும் மேற்பட்ட கோதிக் தந்தப் பொருள்களின் படங்களை ஒரே இணையத் தொகுப்பில் திரட்டியிருக்கிறது. உலகின் பல நகரங்களில் சிதறிக் கிடந்தவற்றை அருகருகே வைத்துப் பார்க்க அது வழிசெய்தது. மறுபக்கம், 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் வளிமண்டலக் கதிரியக்கக் கார்பன் திடீரென உயர்ந்தது. அதற்குப் பின் வளர்ந்த தந்தத்தைப் பழையது என்று இனி யாரும் விற்க முடியாது.

விலங்கின் இனத்தைக் கண்டறிய இப்போது கொலாஜனின் துண்டுகளை நிறைமானியில் எடைபோட்டுப் பார்க்கிறார்கள். யானையா, வால்ரஸா, நீர்யானையா என்று அது பிரித்துச் சொல்லும். யார்க் பல்கலைக்கழகத்தினர் பழைய தோல் சுவடிகளை அழிரப்பரால் மெல்லத் தேய்த்து, அந்தத் துகளிலிருந்தே புரதத்தைப் படித்துக் காட்டினார்கள். விலைமதிப்பற்ற பொருளைத் துளையிடாமல் அதன் உயிரியலை அறியும் வழிகள் பெருகிவருகின்றன.

பல்லுக்குள் இன்னும் என்னவெல்லாம் இருக்கும் என்பதற்கு 2023இல் ஒரு வியப்பான எடுத்துக்காட்டு கிடைத்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் செர்னி குழுவினர், ஓர் ஆப்பிரிக்க ஆண் யானையின் தந்த அடுக்குகளில் டெஸ்டோஸ்டிரோன் அளவு ஏறியிறங்குவதை அளந்தார்கள். ஏற்றங்கள் எல்லாம் யானைக்கு மதம் பிடித்த பருவங்கள். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மாமூத்தின் தந்தத்திலும் அதே ஏற்ற இறக்கத்தைக் கண்டார்கள். ஒரு விலங்கு எந்த ஆண்டில் மதம் கொண்டது, எப்போது பட்டினி கிடந்தது என்பதைப் பல் எழுதிவைத்துக்கொள்கிறது. லூவர் மாதாவை யாரும் அறுத்துப் பார்க்கப்போவதில்லை, பார்க்கவும் கூடாது. ஆனால் அந்த ஆடை மடிப்புகளுக்குள் ஒரு யானையின் பல ஆண்டு வாழ்க்கை அடுக்கடுக்காக இருக்கிறது என்பது கற்பனை அல்ல.

தந்த வேட்கை யானைகளின் மரபணுவையே மாற்றியதையும் இங்கே சொல்லியாக வேண்டும். மொசாம்பிக்கின் கொரொங்கோசா பூங்காவில் 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் தந்தத்துக்காக யானைகள் பெருவாரியாகக் கொல்லப்பட்டன. போருக்கு முன் பெண் யானைகளில் 18.5 சதவீதத்துக்குத் தந்தமில்லை. பின்பு அது 50.9 சதவீதமானது. 2021இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு, எக்ஸ் நிறப்புரியில் உள்ள மரபணு வேறுபாடே காரணம் என்று காட்டியது. தந்தமில்லாதவை பிழைத்தன, பிழைத்தவை ஈன்றன. ஆனால் அந்த மரபணு வேறுபாட்டைப் பெறும் ஆண் கரு பிறக்காமலே அழிந்துவிடுகிறது. உயிர் பிழைப்பதற்குக் கொடுத்த விலை அது. பன்னாட்டு வணிகத்தைத் தடுக்க ஆப்பிரிக்க யானைக்கு முழுப் பாதுகாப்பு 1989இல்தான் முடிவானது. இந்தியாவில் நம் யானைத் தந்த வணிகம் 1986இலும், ஆப்பிரிக்கத் தந்த வணிகம் 1991இலும் தடைசெய்யப்பட்டன.

இதனால் அருங்காட்சியகங்களில் உள்ள பழைய தந்தச் சிலைகளை மறைக்கவோ அழிக்கவோ வேண்டும் என்று சிலர் வாதிடுகிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. 750 ஆண்டுகளுக்கு முன் இறந்த யானைக்கு அதனால் நன்மை இல்லை. அதன் வாழ்வின் ஒரே பதிவும் போய்விடும். மாறாக, அந்தப் பதிவைப் படிக்கும்படி வைக்க வேண்டும். காட்சிப்பெட்டிகளின் விளக்க அட்டைகளில் நகரம், ஆண்டு, உயரம், பழைய உரிமையாளர் எல்லாம் இருக்கும். பொருள் என்ற இடத்தில் பெரும்பாலும் தந்தம் என்ற ஒற்றைச் சொல் மட்டும் இருக்கும். எந்த விலங்கு, எந்தப் பல், எந்தக் கண்டம் என்பதையும் அருங்காட்சியகங்கள் அந்த அட்டையில் எழுத வேண்டும். சிற்பியின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. யானையின் இனத்தையாவது குறிப்பிட முடியும்.